ஆசியாவை ஒரே மைதானத்துக்கு அழைத்த பேராசிரியர்

குருதத் சோந்தியின் வாழ்க்கைக் கதை

சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு பெரிய கப்பல் வருகிறது. ராயபுரம் கடற்கரையில் நிற்கும் சிறுவர்கள் அதை வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது கப்பல் மட்டும்தான்.

ஆனால் அந்தக் கப்பல் தானாக வந்து கரை சேர்ந்துவிடவில்லை. அதற்கு வழி காட்டி அழைத்து வந்தவர் ஒருவர். வடக்கயிற்றை வாங்கிக் கட்டியவர் ஒருவர். பளுதூக்கியை இயக்குகிறவர் ஒருவர். சரக்குக் கணக்கு எழுதுகிறவர் ஒருவர். இவர்கள் பெயர் ஊருக்குத் தெரியாது. இவர்களில் ஒருவர் வேலையை நிறுத்தினாலும் கப்பல் அசையாது.

திருவொற்றியூரில் தேர் ஓடும்போதும் இப்படித்தான். எல்லாரும் தேரின் மேலே இருக்கும் சுவாமியைப் பார்ப்பார்கள். சக்கரத்தின் அடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தேரைத் திருப்புகிறவர் அவர்தான். தேர் தாறுமாறாக ஓடாமல் தடுக்கிறவரும் அவர்தான்.

பல நாட்டு வீரர்கள் கூடும் விளையாட்டு விழாவும் ஒரு தேர்த் திருவிழாதான். முதலில் ஓடி வந்தவரின் படம் பத்திரிகையில் வரும். அந்த ஓட்டத்தை நடத்தி வைத்தவரின் படம் வராது.

இன்று ஆசிய விளையாட்டு என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தத் தேரை முதன்முதலில் கட்டி, வடம் பிடித்து, தெருவுக்குக் கொண்டு வந்தவர் ஓர் இந்தியர். அவர் பெயர் குருதத் சோந்தி.

பிறகு ஒரு நாள், ஓடும் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவரும் அவரே. அதற்காக ஓர் ஊரே அவர்மீது கோபம் கொண்டு திரண்டது. அந்தக் கதைதான் இது.

ஓட்டக்கார வாலிபர்

குருதத் சோந்தி 1890-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ந் தேதி பிறந்தார். பஞ்சாபைச் சேர்ந்தவர். வாலிப வயதில் அவர் நல்ல ஓட்டக்காரர். அரை மைல் ஓட்டத்திலும், வயல்வெளிகளின் வழியே ஓடும் நெடுந்தூர ஓட்டத்திலும் பெயர் வாங்கினார்.

படித்து முடித்ததும் ஆசிரியர் வேலைக்கு வந்தார். லாகூரில் இருந்த அரசாங்கக் கல்லூரி அந்தக் காலத்தில் மிகவும் புகழ் பெற்றது. அதில் பேராசிரியராக இருந்தார். பின்னர் அந்தக் கல்லூரியின் முதல்வராகவும் உயர்ந்தார்.

அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று நாடகம், மற்றொன்று விளையாட்டு. மாணவர்களைக் கொண்டு நாடகங்கள் போட்டார். லாகூர் பூங்கா ஒன்றில் திறந்தவெளி நாடக அரங்கம் அமையவும் பாடுபட்டார். நாடகம் நடத்துகிறவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மேடையில் ஒரு மணி நேரம் நடப்பதற்கு, மேடைக்குப் பின்னால் ஒரு மாதம் வேலை செய்ய வேண்டும். இந்தப் பாடம் விளையாட்டிலும் அவருக்குப் பயன்பட்டது.

சென்னைக்கும் பங்கு உண்டு

இந்தியாவில் விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதில் சென்னைக்கும் பெரிய பங்கு உண்டு.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, ஒய்.எம்.சி.ஏ. கட்டிடம் இருக்கிறது. 1920-ல் அங்கே ஒரு தேகப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதை ஏற்படுத்தியவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர். இன்று நந்தனத்தில் பரந்த மைதானங்களோடு இருக்கும் தேகப் பயிற்சிக் கல்லூரி அப்படித்தான் பிறந்தது.

1924-ல் பாரிஸ் நகரத்தில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதற்கு இந்தியாவிலிருந்து சென்ற ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து அழைத்துச் சென்றவர் இந்த பக் துரைதான். அந்தக் கோஷ்டியில் தலிப் சிங் என்ற நீளத் தாண்டல் வீரர் இருந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வருவார்.

1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் ஏற்பட்டது. ஆலை அதிபர் சர் தோராப்ஜி டாடா தலைவர். ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரன் செயலாளர். சோந்தி துணைச் செயலாளர். மறு ஆண்டே செயலாளர் பொறுப்பு சோந்தியிடம் வந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தப் பாரத்தை அவர் இறக்கி வைக்கவில்லை.

கடனோடு போன கோஷ்டி

1932-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம். இந்தியக் கோஷ்டிக்குத் தலைவராகச் சோந்தி சென்றார்.

உலகம் முழுவதும் பணமுடை நிலவிய காலம் அது. ஹாக்கி வீரர்களை அனுப்பக் கையில் போதிய பணம் இல்லை. கடன் வாங்கினார்கள். கோஷ்டி கொழும்பில் கப்பலேறி, ஜப்பான் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

அங்கே தயான் சந்தும் அவர் தம்பி ரூப் சிங்கும் கோல் மழை பொழிந்தார்கள். அமெரிக்காவை 24-க்கு 1 என்ற கணக்கில் இந்தியா தோற்கடித்தது. தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால் கடன் அப்படியே இருந்தது. அதனால் வீரர்கள் நேரே ஊர் திரும்பவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊர் ஊராகப் போட்டிகள் ஆடி, வசூலான பணத்தைக் கடனுக்குக் கட்டினார்கள்.

விளையாட்டு என்பது மைதானத்தில் மட்டும் நடப்பதில்லை; கணக்குப் புத்தகத்திலும் நடக்கிறது என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

அதே 1932-ல் உலக ஒலிம்பிக் குழுவில் சோந்தி உறுப்பினரானார். ஐரோப்பியப் பிரபுக்களும் ராஜ குடும்பத்தாரும் நிறைந்த சபை அது. அடிமை நாட்டிலிருந்து போன ஒரு கல்லூரி வாத்தியாருக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது.

முதல் முயற்சி

அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. உலகப் பந்தயங்கள் எல்லாம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்தான் நடக்கின்றன. ஆசியாவில் உள்ளவர்கள் அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு. ஆசிய நாடுகள் தமக்குள் ஏன் ஒரு விழா நடத்தக் கூடாது?

கிழக்குக் கோடியில் பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் ஆகிய நாடுகள் 1913 முதல் ஒரு பந்தயம் நடத்தி வந்தன. ஆசியாவின் மற்றப் பகுதிகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

சோந்தி முயன்றார். 1934-ல் டில்லியில் மேற்கு ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. சில பந்தயங்கள் பாட்டியாலாவில் நடந்தன. வந்தவை நான்கே நாடுகள். இந்தியா, இலங்கை, ஆப்கானிஸ்தானம், பாலஸ்தீனம்.

அடுத்த போட்டியை 1938-ல் பாலஸ்தீனத்தில் நடத்துவது என்று முடிவாயிற்று. அது நடக்கவே இல்லை. கிழக்குக் கோடிப் பந்தயமும் அதே 1934-ம் ஆண்டோடு முடிந்து போயிற்று. மஞ்சூரியாவைப் பிடித்துக் கொண்ட ஜப்பான், அங்கே தான் ஏற்படுத்திய அரசையும் பந்தயத்தில் சேர்க்க வேண்டும் என்றது. சீனா முடியாது என்றது. யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்ற தகராறில் ஒரு நல்ல விழா செத்தது.

இதைச் சோந்தி மறக்கவில்லை. பின்னால் அவர் செய்த காரியத்துக்குக் காரணம் இதில் இருக்கிறது.

லண்டன் ஓட்டலில் ஒரு கூட்டம்

யுத்தம் வந்து போயிற்று. 1947-ல் இந்தியா விடுதலை பெற்றது. நாடு இரண்டாகப் பிரிந்தது. சோந்தி தம் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்த லாகூர் இப்போது வேறு நாட்டில் இருந்தது.

வயது ஐம்பத்தாறு. வேறு ஒருவராக இருந்தால் ஓய்வெடுத்துக் கொண்டிருப்பார். சோந்தி பழைய கனவை மறுபடியும் கையில் எடுத்தார்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் டில்லியில் ஆசிய நாடுகளின் மாநாடு ஒன்று நடந்தது. பல நாட்டுத் தலைவர்கள் வந்து கூடினார்கள். தலைவர்கள் கூடிப் பேசினால் மட்டும் போதுமா? வாலிபர்கள் கூடி விளையாட வேண்டாமா? சோந்தியின் எண்ணம் இதுதான். நேருவின் ஆதரவும் அதற்குக் கிடைத்தது.

1948 ஆகஸ்டில் லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதற்கு ஆசிய நாடுகளின் கோஷ்டித் தலைவர்களும் வந்திருந்தார்கள். அவர்களை ஓர் ஓட்டலுக்கு அழைத்துச் சோந்தி தம் யோசனையைச் சொன்னார். எல்லாரும் நல்ல யோசனைதான் என்றார்கள்.

நல்ல யோசனை என்று சொல்வது சுலபம். நடத்துவது யார்?

1949 பிப்ரவரியில் டில்லியில் ஓட்டப் பந்தயம் நடத்தலாம் என்று முதலில் நினைத்தார்கள். அது கைகூடவில்லை. ஆனால் சோந்தி சோர்ந்து போகவில்லை. பந்தயம் இல்லாவிட்டால் போகட்டும், பிரதிநிதிகளாவது வரட்டும் என்றார். 1949 பிப்ரவரி 12, 13 தேதிகளில் டில்லி பாட்டியாலா மாளிகையில் கூட்டம் நடந்தது. ஆசிய விளையாட்டுச் சம்மேளனம் பிறந்தது. பாட்டியாலா மகாராஜா யாதவேந்திர சிங் தலைவர். சோந்தி செயலாளர், பொருளாளர் இரண்டும்.

நாலு ஆண்டுக்கு ஒரு முறை விழா. முதல் விழா 1950-ல் டில்லியில் என்று தீர்மானமாயிற்று. என்றும் முன்னேறிக் கொண்டே இரு என்ற பொருள்பட, இரண்டே ஆங்கிலச் சொற்களில் ஒரு வாசகத்தையும் சோந்தி வகுத்துக் கொடுத்தார். ஆசிய விளையாட்டின் வாசகமாக அது நிலைத்தது.

கல்யாண வீட்டுக் கவலை

வீட்டில் ஒரு கல்யாணம் நடத்தியவர்களுக்குத் தெரியும். பந்தல் போட வேண்டும். பாத்திரம் வாடகைக்கு எடுக்க வேண்டும். யார் யாருக்குப் பத்திரிகை அனுப்பினோம், யாரை மறந்தோம் என்று இரவெல்லாம் தூக்கம் வராது.

பத்து நாட்டுக்காரர்களை அழைத்து விழா நடத்துவதென்றால் கேட்க வேண்டுமா? ஒரு நாட்டான் சாப்பிடுவதை மற்றொரு நாட்டான் தொடமாட்டான். ஓடுபாதையின் அளவு அங்குலம் பிசகக் கூடாது. நேரம் பார்க்கும் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றுபோல் ஓட வேண்டும். வெற்றி பெற்றவரின் நாட்டுக் கொடி தலைகீழாக ஏறிவிட்டால் தீராத பழி. ஒவ்வொரு நாட்டின் தேசிய கீதத்தையும் வாத்தியக்காரர்கள் முன்கூட்டியே வாசித்துப் பழக வேண்டும். படுக்கை, வண்டி, வைத்தியர், மொழிபெயர்ப்பாளர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

புதிதாக விடுதலை பெற்ற நாடு நம்முடையது. அகதிகள் லட்சக் கணக்கில் வந்து கொண்டிருந்தார்கள். தானியப் பஞ்சம் வேறு. இந்த நிலையில் விளையாட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

1950 பிப்ரவரியில் நடப்பதாக இருந்த விழா நவம்பருக்குத் தள்ளிப் போயிற்று. நவம்பரிலும் முடியவில்லை. 1951 மார்ச்சுக்கு மறுபடியும் தள்ளிப் போயிற்று.

இதற்கிடையில் விழாவை நடத்தும் பொறுப்பைச் சோந்தி ராஜினாமா செய்தார். பெற்ற பிள்ளையை வேறொருவர் கையில் கொடுப்பது போன்ற காரியம் அது.

அந்தப் பொறுப்பை அந்தோணி டி மெல்லோ ஏற்றார். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தை நிலைநாட்டியவர்களில் ஒருவர் அவர். சளைக்காத உழைப்பாளி. டில்லியில் பவநகர் மகாராஜாவின் நன்கொடையில் 1933-ல் கட்டிய இர்வின் அரங்கம் இருந்தது. அது தேசிய மைதானம் என்று புதுப் பெயர் பெற்றது. 1934-ல் சோந்தி நான்கு நாடுகளைக் கூட்டி விழா நடத்திய அதே இடம்தான். பட்டாளத்தார் தங்கும் கொட்டடிகள் வீரர்களின் விடுதியாக மாறின. மாளிகை இல்லை என்று யாரும் குறைப்படவில்லை.

சூரியன் ஏற்றிய தீபம்

1951 மார்ச் 4-ந் தேதி. டில்லி செங்கோட்டையில் கண்ணாடி வில்லையின் வழியே சூரிய ஒளியைக் குவித்து ஜோதி ஏற்றினார்கள். ஓட்டக்காரர்கள் கை மாற்றிக் கை மாற்றி அதை மைதானத்துக்குக் கொண்டு வந்தார்கள். கடைசியாக அந்த ஜோதியை ஏந்தி வந்தவர் யார் தெரியுமா?

1924-ல் பக் துரையோடு பாரிஸுக்குப் போன அதே தலிப் சிங்தான். இப்போது அவர் ராணுவத்தில் பிரிகேடியர்.

ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் விழாவைத் தொடங்கி வைத்தார். பதினோரு நாடுகள் வந்திருந்தன. 489 வீரர்கள். ஆறு வகை விளையாட்டுகள். 57 பந்தயங்கள்.

யுத்தத்தில் தோற்ற ஜப்பான் அப்போது அன்னிய ராணுவத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. 1948 ஒலிம்பிக்குக்கு அதை அழைக்கவில்லை. டில்லி அழைத்தது. யுத்தத்துக்குப் பிறகு ஜப்பான் வீரர்கள் கலந்து கொண்ட முதல் பெரிய பன்னாட்டு விழா இதுதான். அவர்கள் 24 தங்கம் வென்று முதலிடம் பெற்றார்கள். இந்தியா 15 தங்கத்துடன் இரண்டாவது.

நீச்சலில் சச்சின் நாக் இந்தியாவின் முதல் தங்கத்தை வாங்கிக் கொடுத்தார். லெவி பின்டோ 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டு ஓட்டங்களிலும் முதலில் வந்தார். கால்பந்தில் ஈரானை 1-க்கு 0 என்று இந்தியா வென்றது. வெற்றி கோலை அடித்தவர் மேவாலால்.

பத்திரிகைகளில் இவர்கள் படம் வந்தது. சோந்தியின் பெயர் உள்ளே எங்கோ ஒரு மூலையில் இருந்தது. ஆனால் நாலு நாடு பதினோரு நாடாகப் பெருகியிருந்தது. அது போதாதா?

வளர்ந்தது குழந்தை

1954-ல் மணிலா நகரில் இரண்டாவது விழா. முன்னைவிட அதிக நாடுகள் வந்தன. 1958-ல் டோக்கியோவில் மூன்றாவது விழா. இருபது நாடுகள்.

டோக்கியோவில் நம் மில்கா சிங் இரண்டு தங்கம் வென்றார். யாழ்ப்பாணத் தமிழர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான்.

தமிழன் ஒருவன் ஜப்பானில் உயரம் தாண்டுகிறான், கொடி ஏறுகிறது, கீதம் ஒலிக்கிறது. லாகூர்ப் பேராசிரியர் கண்ட கனவு இதுதான்.

நாலாவது விழா 1962-ல் இந்தோனேசியத் தலைநகரம் ஜகார்த்தாவில் என்று முடிவாயிற்று. அங்கேதான் வினை காத்திருந்தது.

வெறும் அட்டை

இந்தோனேசியாவும் நம்மைப் போலப் போராடி விடுதலை பெற்ற நாடு. அதிபர் சுகர்ணோ இந்த விழாவைத் தம் நாட்டின் பெருமையாக நினைத்தார். ரஷ்யாவின் உதவியோடு ஒரு லட்சம் பேர் உட்காரும் மாபெரும் மைதானம் எழுந்தது. ஜகார்த்தா நகரமே புது மணப்பெண்ணைப் போல் அலங்காரம் செய்து கொண்டது.

ஆனால் இரண்டு விருந்தாளிகளை வரவேற்க அந்த நாடு விரும்பவில்லை. ஒன்று இஸ்ரேல், மற்றொன்று தைவான். இந்தோனேசியா அரபு நாடுகளுக்கு நண்பன், செஞ்சீனாவுக்கும் நண்பன். அந்த நண்பர்களின் மனம் புண்படக் கூடாது என்று நினைத்தது.

இரண்டு நாடுகளும் சம்மேளனத்தின் உறுப்பினர்கள். அழைப்பு அனுப்ப மாட்டோம் என்று இந்தோனேசியா வெளிப்படையாகச் சொல்லவும் இல்லை. வீரர்களுக்கு உரிய அடையாள அட்டைகளை மட்டும் அனுப்பவில்லை. தைவானுக்குப் போன பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே வெறும் அட்டைகளே இருந்தன.

கல்யாணத்துக்கு வா என்று பத்திரிகை வைத்துவிட்டு, வாசற்கதவைச் சாத்திக் கொண்ட மாதிரி ஆயிற்று.

முட்டுக்கட்டை போட்டவர்

இப்போது சோந்திக்கு வயது எழுபத்தொன்று. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். விழா நடந்துவிடும். நாலு மாலை கழுத்தில் விழும். ஊர் திரும்பலாம்.

ஆனால் அவருக்கு 1934 நினைவுக்கு வந்திருக்க வேண்டும். யாரைச் சேர்ப்பது என்ற தகராறில் செத்துப் போன பழைய பந்தயம் அவர் கண் முன்னே நடந்தது அல்லவா? விதியை ஒரு முறை வளைத்தால் அடுத்த முறை அது முறிந்துவிடும்.

அவர் ஒரு யோசனையைக் கொண்டு வந்தார். உறுப்பினர்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் விழாவுக்கு ஆசிய விளையாட்டு என்ற பெயர் பொருந்தாது. வந்தவர்கள் விளையாடட்டும், ஆனால் அந்தப் பெயர் வேண்டாம். இதுதான் அவர் கட்சி. பளுதூக்கும் பந்தயத்தை அதன் உலகச் சங்கத்தின் எதிர்ப்பால் நடத்தவே முடியவில்லை. ஓட்டப் பந்தயங்களின் உலகச் சங்கமும் எச்சரிக்கை விடுத்தது.

செய்தி ஜகார்த்தா நகரத்தில் தீயாகப் பரவியது. நம் விருந்தைச் சாப்பிட வந்தவர் நம் வீட்டுப் பெயரையே பறிக்கிறாரே என்று ஜனங்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோபத்திலும் ஒரு நியாயம் தெரியும். ஆசை ஆசையாகக் கட்டிய மைதானம் அல்லவா?

சோந்தி இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக அங்கே பேசவில்லை. சம்மேளனத்தை ஆரம்பித்தவர் என்ற முறையில்தான் பேசினார். ஆனால் கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? கோபம் இந்தியா மீது திரும்பியது.

1962 செப்டம்பர் 3-ந் தேதி ஜகார்த்தாவில் இருந்த இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. சோந்தி தங்கியிருந்த ஓட்டலையும் ஆட்கள் தேடிப் போனார்கள். அவர் அந்த நகரத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

தாம் கட்டிய தேரிலிருந்து, தேர் ஓடிக் கொண்டிருக்கும்போதே, அவர் இறங்கிப் போனார்.

ஒரு லட்சம் பேரின் கூச்சல்

மறுநாள் செப்டம்பர் 4. கால்பந்து இறுதிப் போட்டி. இந்தியாவும் தென் கொரியாவும் மோதின.

மைதானத்தில் ஒரு லட்சம் பேர். இந்திய வீரர்கள் காலடி வைத்ததும் ஒரே கூச்சல். பந்து இந்தியர் காலில் பட்டபோதெல்லாம் கூச்சல். சோந்தி மீது இருந்த கோபத்தை அந்தப் பதினொரு வாலிபர்கள் தாங்க வேண்டியிருந்தது.

பயிற்சியாளர் ரகீம் ஐதராபாத்தைச் சேர்ந்தவர். ஜர்னெயில் சிங் தலையில் பட்ட காயத்தோடு ஆடினார். பி.கே. பானர்ஜியும் ஜர்னெயில் சிங்கும் ஆளுக்கு ஒரு கோல் போட்டார்கள். இந்தியா 2-க்கு 1 என்று வென்றது. செகந்திராபாத் தமிழரான துளசிதாஸ் பலராமும் அந்தக் கோஷ்டியில் ஆடினார். அந்த ஒரு லட்சம் பேர் நடுவே தங்களுக்குக் கை தட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் மட்டுமே என்று ஆடியவர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

பாகிஸ்தான் வீரர்கள் இந்தியாவுக்குக் கை தட்டினார்கள்! லாகூரில் வாழ்ந்த சோந்தி இதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்?

பிறகு என்ன நடந்தது?

1963 பிப்ரவரியில் உலக ஒலிம்பிக் குழு இந்தோனேசியாவைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. கோபம் கொண்ட சுகர்ணோ, புது நாடுகளுக்கென்று தனியாக ஒரு விளையாட்டு விழாவை அதே ஆண்டு நவம்பரில் ஜகார்த்தாவில் நடத்தினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தோனேசிய வீரர்கள் கலந்து கொள்ள முடியவில்லை. தலைவர்கள் போட்ட சண்டையில் ஓடவும் தாண்டவும் பல ஆண்டுகள் பயிற்சி செய்த வாலிபர்களுக்குத்தான் நஷ்டம்.

சோந்தி செய்தது சரியா? ஜகார்த்தாவில் அவர் யோசனை நிறைவேறவில்லை. அந்த விழா இன்றும் நாலாவது ஆசிய விளையாட்டு என்றே ஏட்டில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி அவர் தோற்றார்.

ஆனால் ஒரு கேள்வியை அவர் எழுப்பிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் தமக்குப் பிடிக்காத விருந்தாளியை வாசலில் நிறுத்தலாமா? அடுத்த விழாவை நடத்துகிறவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த விழா 1966 டிசம்பரில் பாங்காக் நகரத்தில் நடந்தது. இஸ்ரேல் வந்தது. தைவான் வந்தது. இந்தோனேசியாவும் வந்தது. மூன்று நாட்டுக் கொடிகளும் ஒரே மைதானத்தில் பறந்தன.

அதைப் பார்க்கச் சோந்தி இல்லை. விழா தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், 1966 நவம்பரில், அவர் காலமாகிவிட்டார்.

பனிமலை வரை ஓடிய தேர்

அவர் தொடங்கி வைத்த தேர் நிற்கவில்லை. 1982-ல் மறுபடியும் டில்லிக்கு வந்தது. அதே ஆண்டு பழைய சம்மேளனம் ஆசிய ஒலிம்பிக் கவுன்சில் என்று புது வடிவம் எடுத்தது. 1986-ல் ஜப்பானில் சப்போரோ நகரத்தில் பனிக்கால ஆசிய விளையாட்டும் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் சீனாவின் ஹார்பின் நகரத்தில் அந்த விழா நடந்தபோது, காலில் பலகையைக் கட்டிக் கொண்டு பனிச்சரிவில் வழுக்கிப் பாயும் பந்தயமும் அதில் இருந்தது. டில்லி வெயிலில் சூரியன் ஏற்றிய தீபம் பனிமலை வரை போய்விட்டது.

ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் மாலை நேரத்தில் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். எண்ணூர்ப் பக்கம் ஆலை வேலை முடிந்து வந்தவர்கள் பந்தயம் வைக்கிறார்கள். யாரோ ஒருவர் சுண்ணாம்புக் கோடு போடுகிறார். யாரோ ஒருவர் பந்துக்குக் காற்று அடிக்கிறார். வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்கிறார். எதிர் கோஷ்டிப் பையன் ஒருவனை ஆடவிடாமல் நம் ஆட்கள் தடுத்தால், அது முறையல்ல என்று குறுக்கே நிற்கிறார். அதற்காகத் திட்டும் வாங்குகிறார்.

அவருக்குக் கோப்பை கிடைப்பதில்லை. படம் வருவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் பந்தயம் இல்லை.

அடுத்த முறை அவரைப் பார்த்தால், ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போங்கள். அவரும் ஒரு சோந்திதான்.